ஒரு பிடி முருங்கைக்கீரை

கெடா மாநிலத்தில், குருண் ஊர்க் காலைச் சந்தையில் இருபத்திரண்டு வருடமாகக் கீரை விற்கிறேன். எந்தக் கீரை எதற்கு நல்லது என்று என்னிடம் கேட்காமல் போனவர்கள் குறைவு. கேட்காதவர்களுக்கும் நானாகவே சொல்லிவிடுவேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது. அப்படிப்பட்டவள் பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்ததிலிருந்து, நாலு கொத்துப் புதினா வாங்க வருகிறவர்கள்கூட, "சரசு அக்கா, என்னாச்சுக்கா?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி முடிப்பதற்குள் பசலை வாடிவிடுகிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். இனி கேட்பவர்கள் கையில் ஒரு நகலைக் கொடுத்துவிட்டு நான் வியாபாரத்தைப் பார்க்கலாம்.

எல்லாம் மீன்கடை ஐஸ் தண்ணீரில் தொடங்கியது. தண்டுக்கீரைக் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது வழுக்கி விழுந்தேன். இடது கணுக்கால் எலும்பில் கீறல். மாவுக்கட்டு போட்டு, ஒரு மாதம் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார்கள். இருபத்திரண்டு வருடம் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்தவள் ஒரு மாதம் நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

என் வீட்டுக்காரர் மணியத்தைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை, அதாவது காவலாளி. பேச்சு அளந்துதான் வரும். கீரை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். கல்யாணமான புதிதில் முளைக்கீரை மசியல் வைத்தேன். "நான் என்ன ஆடா?" என்று கேட்டுவிட்டுக் கருவாட்டை எடுத்துக்கொண்டு போனார். கீரைக்காரி வீட்டில் இப்படி ஒரு மனிதர்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தொழிற்சாலையில் எல்லாருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். இவருக்கு ரத்தம் கம்மி என்று சீட்டு வந்தது. அன்றைக்கு நான் ஒரு தந்திரம் செய்தேன். வீட்டு வேலியோரம் நிற்கிற முருங்கை மரத்தில் ஒரு கை இலை உருவி, ஆய்ந்து, மாவோடு அரைத்து, வாசம் தெரியாமலிருக்க, பலகாரத்துக்கு மணமும் பச்சை நிறமும் தருகிற பாண்டான் இலை நாலும் சேர்த்து அரைத்துத் தோசை சுட்டேன். இந்த ஊரில் பச்சையாக இருக்கிற பலகாரமெல்லாம் பாண்டான்தானே! "என்னா பச்சையா இருக்கு?" என்றார். "பாண்டான் தோசை" என்றேன். இரண்டு சாப்பிட்டார். அன்றிலிருந்து வாரத்தில் நாலு நாள் எங்கள் வீட்டில் பாண்டான் தோசைதான். ஆறு மாதத்தில் ரத்தம் சரியாகிவிட்டது. டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். ஆனால் பெருமை முழுவதையும் என் தோசைக்கே கொடுத்துவிட்டேன். மனிதரை இப்படி ஏமாற்றிவிட்டோமே என்று எனக்குள் ஒரு சிரிப்பு, பன்னிரண்டு வருடமாக.

சரி, காலுக்கு வருவோம். மாவுக்கட்டைப் பிரித்த நாலாம் நாள், கெண்டைக்கால் வீங்கித் தோல் பளபளவென்று மின்னியது. தொட்டால் சூடு. நான்தான் பெரிய வைத்தியச்சி ஆயிற்றே! நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்து, நல்லெண்ணெய் தடவி, மூன்று நாள் கீழிருந்து மேலாக நன்றாக உருவிவிட்டேன். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கினால் உருவவே கூடாது. ஏன் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.

பார்க்க வந்தவர் காக் யா. காக் என்றால் மலாயில் அக்கா. சந்தையில் எனக்குப் பக்கத்துக் கடை, யான் என்கிற ஊர்க்காரர். வல்லாரை, கெசும், மலாய்க்காரர்கள் சோற்றோடு பச்சையாகக் கடித்துச் சாப்பிடுகிற இலை தழைகள் எல்லாம் விற்பார். வந்தவர் என் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தார். எதற்கெடுத்தாலும் 'ஆங்கின்', வாயு என்று சொல்லித் தைலம் தேய்க்கிற மனுஷி, அன்றைக்கு மலாயில் சொன்னது இதுதான்: "சரசு, இது ஆங்கின் இல்லை. கிளம்பு." அவருடைய காரிலேயே கிளினிக்குக்குக் கூட்டிப் போனார். கிளினிக் டாக்டர் காலை ஒரு முறை பார்த்துவிட்டுக் கடிதம் எழுதி, நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

பெரிய ஆஸ்பத்திரியில் காத்திருப்பது ஒரு தனி உத்தியோகம். என் கையில் இருந்த சீட்டுக்கும் பலகையில் எரிந்த எண்ணுக்கும் நாற்பது வித்தியாசம். பக்கத்தில் இருந்த அம்மா, "இங்க வர்றப்ப ரெண்டு வேளைச் சோறு கட்டிக்கிட்டு வரணும்லா" என்று சொல்லி கிழங்குக்கறி வைத்துப் பொரித்த கறிபாப் ஒன்றை எனக்குக் கொடுத்தார். காலுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு வயிற்றில் தடவுகிற அதே குளிர்ந்த பசை. எனக்குத் தொடையிலிருந்து முழங்கால் வரை தடவி, ஒரு கருவியால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். நல்ல ரத்தக்குழாயை அழுத்தினால் தட்டையாகிவிடுமாம். என்னுடையது தட்டையாகவில்லை. உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டு நின்றது, தொடை வரை.

டாக்டர் மலாய்க்காரப் பையன். பொறுமையாகச் சொன்னார். அசையாமல் உட்கார்ந்தே இருந்தால் காலின் ஆழத்தில் ஓடுகிற குழாயில் ரத்தம் கட்டிக்கொள்ளும். கட்டி காலிலேயே இருந்தால் வீக்கமும் வலியும்தான். ஆனால் அதில் ஒரு துண்டு பிய்ந்து மேலே ஏறி நுரையீரலில் போய் அடைத்தால் மூச்சு நின்றுவிடலாம்.

"ஆண்ட்டி, காலை யாராவது உருவி விட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லை டாக்டர்" என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் பொய் சொன்னதில்லை.

மணியம் வேலை உடுப்போடு ஓடி வந்து, என் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். எனக்குப் பயமாக இருந்தது. ஒவ்வொரு மூச்சையும் இழுத்து, இது சரியாகப் போகிறதா என்று கவனித்துக்கொண்டே இருந்தேன். ஐம்பத்து நாலு வருடம் தானாக நடந்துகொண்டிருந்த காரியத்தை அன்று முதல் நானே மேற்பார்வை பார்க்க வேண்டியதாகிவிட்டது.

வைத்தியம் இரண்டு வகை. ஒன்று, தொப்புளுக்குப் பக்கத்தில் காலையும் மாலையும் ஓர் ஊசி. அது உடனே வேலை செய்யும். மற்றொன்று வார்ஃபரின் என்கிற மாத்திரை. அது மெதுவாகத்தான் பிடிக்கும். மாத்திரை பிடித்துவிட்டதா என்று பார்க்க ரத்தம் எடுத்து ஐ.என்.ஆர். என்று ஓர் எண் போடுவார்கள். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதற்கான கணக்கு அது. சாதாரண ஆளுக்கு ஒன்று. எனக்கு இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்க வேண்டும். குறைந்தால் கட்டி வளரும், ரொம்பக் கூடினால் உள்ளே எங்காவது ரத்தம் கசியும். எண் இரண்டைத் தாண்டி நிலைத்தால்தான் ஊசியை நிறுத்தி வீட்டுக்கு அனுப்புவார்கள். "அஞ்சாறு நாள் ஆகும் ஆண்ட்டி" என்றார் டாக்டர்.

நான் படுத்த செய்தி சந்தையில் பரவியது. மறுநாளிலிருந்து என் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். கட்டிலுக்கு இரண்டு பேர்தான் என்று மிஸ்ஸி, அதுதான் நர்ஸ், கத்திக் கத்தி ஓய்ந்துபோனார். தனலெட்சுமி அக்கா, ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டி ஓய்ந்தவர், பிளாஸ்க் நிறைய முருங்கைக்கீரை சூப் கொண்டு வந்தார். "குடி சரசு. ரத்தத்துக்கு நல்லதுன்னு நீதானே எனக்குச் சொன்ன" என்றார். தாமான் குடியிருப்பிலிருந்து வந்த ஒருவர் மணத்தக்காளித் தண்ணிச்சாறு. இன்னொருவர் பசலைப் பருப்பு. காக் யா ஒரு பொட்டலம் வல்லாரையும், தொட்டுக்கொள்ளச் சம்பால் மிளகாய் விழுதும். ஆளாளுக்கு என் வாக்கியத்தையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள்: "ரத்தத்துக்கு நல்லது, நீங்கதானே சொன்னீங்க!"

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் நான் விற்ற கீரை மூன்று அடுக்குத் தூக்கில் ஏறி என்னைப் பார்க்க வந்திருக்கிறது! ஆஸ்பத்திரிச் சோற்றை ஓரம் கட்டிவிட்டு ஒன்று விடாமல் சாப்பிட்டேன். மூன்று வேளையும் கீரை. பக்கத்துக் கட்டில் அம்மா, "அக்கா, கட்டில சுத்தி வேலி போட்டுருங்க, யாராச்சும் வந்து மேஞ்சுரப் போறாங்க" என்றார்.

ஐந்தாம் நாள் எண் ஒன்று புள்ளி இரண்டு. மாத்திரையைக் கூட்டினார்கள். ஏழாம் நாள் ஒன்று புள்ளி மூன்று. இன்னும் கூட்டினார்கள். டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஆண்ட்டி, மாத்திரையை முழுங்குறீங்களா, தலையணைக்கடியில வைக்கிறீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அன்று மாலையிலிருந்து மிஸ்ஸி எதிரில் நின்று மாத்திரை கொடுத்து, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.

எட்டாம் நாள் ஒரு பெண் வந்தார். தலையில் முக்காடு, கையில் ஒரு கோப்பு, முகத்தில் சிரிப்பு. தமிழிலேயே பேசினார்.

"அம்மா, என் பேரு ஷமீனா. இங்க ஃபார்மசிஸ்ட். டெய்லி என்ன சாப்பிடுறீங்க, ஒன்னு விடாம சொல்லுங்க."

"ஆஸ்பித்தல் சாப்பாடுதான்மா, வேற என்னா."

அவர் பார்வை கட்டிலோரப் பெட்டி மேல் போனது. மூன்று பிளாஸ்க், இரண்டு தூக்கு. "இதெல்லாம்?"

"ஜனங்க கொண்டாந்தது. அன்பா."

முதல் மூடியைத் திறந்தார். "முருங்க." இரண்டாவது. "மணத்தக்காளி." மூன்றாவதைத் திறந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "அம்மா, எங்க வாப்பாவுக்குக் கூலிம் டவுன்ல சாப்பாட்டுக் கடை. கூடை கூடையா கறிவேப்பில வந்து எறங்கும். அங்ககூட ஒரே மேசையில இவ்ளோ பச்சைய நான் பாத்ததில்ல."

பிறகு சொன்னார். பச்சைக் கீரைகளில் வைட்டமின் கே என்று ஒரு சத்து நிறைய இருக்கிறதாம். ரத்தம் உறைவதற்கு உடம்பு அதைத்தான் பயன்படுத்துகிறதாம். நான் விழுங்குகிற மாத்திரை அந்த வேலையைத்தான் நிறுத்தி வைக்கிறதாம். "டோக்டர் ஒரு பக்கம் கதவ மூடிக்கிட்டே இருக்காரு. நீங்க இன்னொரு பக்கம் தெறந்துவிட்டுக்கிட்டே இருக்கீங்க. அதான் நம்பர் ஏறல."

நான் மூன்று மூடிகளையும் ஒவ்வொன்றாக மூடி வைத்தேன். இருபத்திரண்டு வருடமாக, வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், "முருங்க வாங்கிட்டுப் போங்க, ரத்தத்துக்கு நல்லது" என்று கூவியிருக்கிறேன். எந்த ரத்தத்துக்கு என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை. என்னிடம் வாங்கியவர்களில் இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேரோ! வெட்கமாக இருந்தது. தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். என்னைச் சூப்பாகச் சுட்டது.

அன்று மாலை மணியம் வந்தபோது சுருக்கமாகச் சொன்னேன். "இந்தாங்க, இனிமே யாரும் கீரை கொண்டாரக் கூடாதுன்னுட்டாங்க. எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிருங்க." ஏன் என்று விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கிருந்த கடுப்பில் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. "ம்" என்றார். கீரைகள் நின்றன. கட்டிலோரப் பெட்டி வெறிச்சென்று ஆனது.

அடுத்த நாள் மத்தியானம் மணியம் ஒரு டப்பாவோடு வந்தார். திறந்தால் தோசை! முப்பது வருடக் குடித்தனத்தில் ஒரு கோப்பி கலக்கித் தராத மனிதர். வட்டமாக வரவில்லை, கெடா வரைபடம் மாதிரி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு இருந்தது. பச்சை நிறம். மூக்கைத் துளைக்கிற பாண்டான் வாசம்.

"பாண்டான் தோச" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. பாவம், நான் சொன்னதை இத்தனை வருடம் நம்பி, நிஜமாகவே பாண்டானை அரைத்து ஊற்றிச் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் கசந்தது. பாண்டான் அதிகமாகிவிட்டது போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாத்திரை மருந்தில் என் நாக்கும் செத்துக் கிடந்தது. மூன்றையும் சாப்பிட்டேன். மறுநாளும் கொண்டு வந்தார். அதற்கு மறுநாளும்.

பதினோராம் நாள் எண் ஒன்று புள்ளி நாலு.

டாக்டர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. கட்டிலோரம் நின்று, "ஆண்ட்டி, கீரையை விட்டும் ஏறவில்லை. மாத்திரையும் கூட்டியாச்சு. உங்கள் ரத்தத்தில் வேறு ஏதாவது கோளாறா என்று பார்க்க வேண்டும். பினாங்கு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன்" என்றார் மலாயில். கோளாறு என்ற சொல் மட்டும்தான் எனக்குள் இறங்கியது. கீரை என்றால் காரணம் தெரிந்த நோய். அதை விட்டால் தீர்ந்துவிடும். கீரையை விட்டும் தீரவில்லை என்றால்? மறுபடியும் என் மூச்சை எண்ண ஆரம்பித்தேன். செத்துப்போவேனோ என்று அன்றுதான் முதல்முறையாக நேராக நினைத்தேன். மணியத்துக்குக் கோப்பித்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாதே என்று தோன்றியது.

அன்று மத்தியானம் ஷமீனா மறுபடியும் வந்தார். சாப்பாட்டு விவரத்தை மறுபடியும் கேட்டார். குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தேன். "ஒரு இல தொடலம்மா. வீட்டுக்காரர் சுட்டுத் தர்ற பாண்டான் தோச மட்டுந்தான்."

அப்போதுதான் மணியம் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். ஷமீனா ஓரத்தில் ஒரு துண்டைப் பிய்த்து முகர்ந்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"அங்கிள், இது பாண்டானா?"

"ஆமா."

"எங்க கடையில டெய்லி பாண்டான் போடுவோம் அங்கிள். பாண்டான் போட்டா எளம்பச்சையாத்தான் வரும். இவ்ளோ கரும்பச்சை வராது." நகத்தால் நோண்டி, மெல்லிய காம்பு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து என் முன்னால் நீட்டினார்.

அந்தக் காம்பை எனக்குத் தெரியாதா? தினம் ஆயிரம் காம்பு ஆய்கிற கை. முருங்கை.

"என்னாங்க இது?" என்றேன்.

மணியம் டப்பாவின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "ஒனக்கு நோவு ரத்தத்துலதான்னாங்க. எனக்குத் தெரிஞ்ச ரத்த வைத்தியம் இது ஒன்னுதான். எனக்கு ரத்தம் கம்மின்னப்ப நீ இதத்தானே போட்ட."

"உங்களுக்கு… தெரியுமா?"

"தோட்டத்துல பொறந்தவன் சரசு. முருங்க எல தெரியாதா? மொதோ நாளே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சாப்பிட்டீங்க? கீரன்னா ஒங்களுக்கு ஆகாதே!"

"இப்பவும் ஆகாது." மூடியைக் கட்டிலோரப் பெட்டி மேல் வைத்தார். "விடியறதுக்குள்ள எழுந்து, பாசாருக்குப் போறதுக்கு முன்னாடி ஒக்காந்து ஆஞ்சுக்கிட்டு இருப்ப. எப்படி வேணான்னு சொல்றது?"

"இப்ப ஏன் என்கிட்ட மறைச்சீங்க?"

"கீரை கூடாதுன்னு நீ சொன்ன. வார்டுல சாமான் சேருதுன்னு சொல்றாங்கன்னு நெனச்சேன். எல்லாரும் நிப்பாட்டிட்டாங்க. அப்ப உனக்கு ரத்தம் எப்படி ஊறும்? நீயும் என்கிட்ட சொல்லாமத்தானே போட்ட."

ஷமீனா கோப்பால் வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றார். சிரிப்பில் தோள் குலுங்கியது. நான் அழுதேன். பன்னிரண்டு வருடமாக நான் அவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வாரத்துக்கு நாலு நாள், பிடிக்காத கீரையைத் தெரிந்தே, முகம் சுளிக்காமல் சாப்பிட்டிருக்கிறார். கோபப்படுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. கடைசியில் கையைப் பிடித்துக்கொண்டு, "முட்டாளு மனுஷா, என்னைக் கொன்னுருப்பீங்க" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஷமீனா உடனே உட்கார்ந்து, கதவு மூடுகிற கதையை அவருக்கும் முதலிலிருந்து சொன்னார். ஊசி போட்டுக்கொண்டிருந்ததால் பெரிய ஆபத்து நேரவில்லை என்றும் சொன்னார். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிவிட்டு, டப்பாவைக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு வந்தார்.

பினாங்கு நின்றது. தோசை நின்ற இரண்டாம் நாள் எண் இரண்டைத் தொட்டது. வார்டே கைதட்டியது என்று சொன்னால் மிகை. பக்கத்துக் கட்டில் அம்மா தட்டினார். ஆனால் கூட்டி வைத்த மாத்திரை சும்மா இருக்குமா? அதற்கு மறுநாள் நாலு புள்ளி எட்டு. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். கதவு இப்போது இறுக்கி மூடிக்கொண்டது. மாத்திரையை நிறுத்தி, ரத்தம் எடுத்து, மறுபடியும் குறைத்துக் கொடுத்தார்கள். பதினாறாம் நாள் இரண்டு புள்ளி ஆறு. டாக்டர் கையெழுத்துப் போட்டார்.

கிளம்பும் முன் ஷமீனாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "இனிமே நான் கீரையே சாப்பிடக் கூடாதாம்மா?" கசாப்புக் கடைக்காரனைச் சைவமாக்குவது போல இருந்தது எனக்கு.

"யாரு சொன்னா? தாராளமா சாப்பிடுங்க. ஆனா தெனமும் ஒரே அளவு. ஒரு நாள் அடுக்குத் தூக்கு, ஒரு நாள் பட்டினின்னு இருந்தாத்தான் நம்பர் ஆடும். நீங்க ஒரே மாதிரி சாப்பிட்டா, அதுக்கேத்த மாதிரி மாத்திரைய நாங்க வச்சிருவோம். ஒரு பிடின்னா ஒரு பிடி."

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் சண்டை. யார் பிடி? என் பிடி என்றேன். கீரைக் கட்டு கட்டிப் பழகிய கை, அளவு தப்பாது. மணியம் தலையாட்டினார். "வியாபாரி கை ஆகாது. வாங்குறப்ப பெருசா இருக்கும், விக்கிறப்ப சிறுசா இருக்கும்." முப்பது வருடத்தில் அவர் பேசிய மிகப் பெரிய நகைச்சுவை அதுதான். அவர் பிடியே என்று முடிவானது. வேலைக்குப் போகும் முன் தினமும் வேலியோரம் போய், எனக்கு ஒரு பிடி, தனக்கு ஒரு பிடி என்று உருவிக்கொண்டு வருவார். ஒரே மாவில் நாலு தோசை, ஆளுக்கு இரண்டு. "உங்களுக்கு எதுக்குங்க, வெள்ளத் தோச சுட்டுத் தரேன்" என்றால், "அளவு மாறிரும்" என்பார். நாலு தோசைக்கு இரண்டு பிடி என்ற கணக்கு அவர் மனதில் பதிந்துவிட்டது. அதிலிருந்து ஓர் இலை கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

ஆறு மாதம். ரத்தம் எடுக்கப் போகும்போதெல்லாம் என் சின்னப் புத்தகத்தில் எண்ணை எழுதுவார்கள். இரண்டு புள்ளி மூன்று. இரண்டு புள்ளி ஐந்து. இரண்டு புள்ளி நாலு. "அம்மா, எப்படி இவ்ளோ ஸ்டெடியா வச்சிருக்கீங்க?" என்று ஷமீனா கேட்டார். "கை ராசி" என்றேன். யார் கை என்று சொல்லவில்லை.

சந்தையிலும் என் வாய் மாறிவிட்டது. "ரத்தத்துக்கு நல்லது" என்று இப்போது கூவுவதில்லை. முருங்கை கேட்கிறவர்களிடம், "அண்ணே, ரத்தம் ஒறையாம இருக்க மாத்திர ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்கிறேன். முதல் வாரமே மூன்று பேர் ஆமாம் என்றார்கள். அவர்களை ஃபார்மசியில் கேட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பினேன். இப்போது அவர்களுக்கென்று ஒரே அளவில் சின்னக் கட்டாகக் கட்டி, தனியாக எடுத்து வைக்கிறேன். காக் யா பார்த்துவிட்டு, கடைக்கு லைசென்ஸ் மாற்றி கிளினிக் என்று போடு என்கிறார்.

போன வாரம் கடைசி ஸ்கேன். அந்தப் பசை, அந்தக் கருவி. இந்த முறை குழாய் அழுத்தியதும் தட்டையானது. கட்டி கரைந்துவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார் டாக்டர். காரில் வரும்போது வழி நெடுக மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு வந்தேன், எண்ணுவதற்காக இல்லை, சும்மா சந்தோஷத்துக்கு.

மறுநாள் காலை அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மணியத்திடம் சொன்னேன். "மாத்திர நின்னுருச்சு. இனிமே அளவும் இல்ல, கணக்கும் இல்ல. ஒங்களுக்கு விடுதல. வெள்ளத் தோசயும் கருவாட்டுக் கொழம்பும் வைக்கிறேன், ஒக்காருங்க."

அவர் ஏற்கெனவே வேலியோரம் போய் வந்திருந்தார். இரண்டு பிடி இலையையும் என் முன்னால் வைத்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாண்டான்தானே" என்றார். "போடு."